பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? வயது, நிலை வாரியாக ஒரு முழுமையான வழிகாட்டி

விஜயதசமி நெருங்கினால் போன் வரத் தொடங்கிவிடும். “மிஸ், பாப்பாவுக்கு நாலு வயசு ஆகுது, சேர்த்துக்குவீங்களா?” என்பது முதல் கேள்வி. “அரங்கேற்றம் பண்ண எத்தனை வருஷம் ஆகும்?” என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டியவை நிறைய. தரை என்ன தரை, ஒரு வகுப்பில் எத்தனை பேர், அடவு (நடனத்தின் அடிப்படை அசைவுகள்) முடிக்க எவ்வளவு காலம் எடுப்பீர்கள், வீட்டில் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஒரு பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்பதை அவளுக்கு எத்தனை உருப்படி (மேடையில் ஆடும் முழு நடனம்) தெரியும் என்று எண்ணித்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. அரைமண்டி (முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) குலையாமல் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) அடவு வருகிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் நிலை தெரிந்துவிடும். கீழே சொல்லியிருப்பது எல்லாமே இந்த அளவுகோலை வைத்துத்தான்.

1. எந்த வயதில் சேர்ப்பது

மூன்று, நான்கு வயதில் முறையான வகுப்பு வேண்டாம். அந்த வயதுக் குழந்தைக்குத் தேவை தாளம் மட்டும்தான். பாட்டுக்குக் கை தட்டட்டும், மிருதங்கச் சத்தத்துக்கு நடக்கட்டும், நின்று நின்று குதிக்கட்டும். வீட்டிலேயே முடியும், காசு செலவில்லை.

ஐந்து, ஆறு வயதில் சேர்க்கலாம். ஆனால் வகுப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, அதிலும் பாதி நேரம் விளையாட்டாகவே போகும். தெரிந்துதான் சேர்க்க வேண்டும். “ஆறு மாசமாச்சு, இன்னும் ஒரு டான்ஸ்கூட வரலையே” என்று இந்த வயதுக் குழந்தையின் அம்மா கேட்டால் ஆசிரியரும் பாவம், குழந்தையும் பாவம்.

என்னைக் கேட்டால் ஏழு வயது சரியான வயது. இடது வலது குழம்பாது, சொன்னதை அடுத்த வகுப்புவரை நினைவில் வைத்திருக்கும், காலும் கொஞ்சம் பலப்பட்டிருக்கும். ஐந்து வயதில் சேர்ந்த பிள்ளை இரண்டு வருடத்தில் கற்றதை, ஏழில் சேர்ந்த பிள்ளை பல நேரம் எட்டு மாதத்தில் எட்டிப் பிடித்துவிடும்.

நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறவில்லையா என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அவர் வீணை தனம்மாளின் பேத்தி. பேச்சோடு பேச்சாகப் பாட்டும் தாளமும் ஏறிய வீடு அது. குரு கந்தப்பா பிள்ளையின் கண்டிப்பான பயிற்சி வேறு. வாரம் இரண்டு மணி நேரம் வந்து போகும் பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் போடக் கூடாது.

பன்னிரண்டு, பதினைந்து வயதில் ஆசை வந்தால்? தாராளமாகச் சேர்க்கலாம். இடுப்பு வளைந்துகொடுக்கக் கொஞ்சம் நாளாகும், புரிந்துகொள்வது வேகமாக இருக்கும். பையன்களுக்கும் இதே வயதுக் கணக்குதான். நாட்டியம் பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கும் தாத்தா பாட்டி இருந்தால், தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் கற்பித்த நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்கள்தான் என்று சொல்லுங்கள்.

2. வகுப்பைத் தேர்ந்தெடுப்பது

ஆண்டு விழாவைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பட்டுப் பாவாடையும் விளக்கும் சேர்ந்தால் எல்லாமே அழகுதான். சாதாரண சனிக்கிழமை காலையில் போய், மூன்றாம் வருடப் பிள்ளைகள் அடவு செய்வதை ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள்தான் அந்த ஆசிரியரின் உண்மையான விளம்பரம்.

என்ன பார்ப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி. காலைப் பார்க்காமல் தலை வகிட்டைப் பாருங்கள். தட்டடவு (காலைத் தட்டும் முதல் அடவு) செய்யும்போது காலைத்தான் தூக்கித் தட்ட வேண்டும், தலை ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் வகிடு மேலும் கீழும் ஏறி இறங்கினால் பிள்ளை அரைமண்டியை விட்டு எழுந்து எழுந்து உட்காருகிறாள் என்று அர்த்தம். அடுத்து முழங்கையைப் பாருங்கள். நாட்டியாரம்பத்தில் (கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கும் தொடக்க நிலையில்) கை தோள் உயரத்தில் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழங்கை தொங்கிப்போய், ஆசிரியரும் ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் அங்கே கண்டிப்பு குறைவு. பிறகு காதால் கேளுங்கள். பத்துப் பேர் தட்டினாலும் ஒரே சத்தமாக விழ வேண்டும், மழை பெய்வதுபோல் சிதறக் கூடாது.

தரை முக்கியம். கான்கிரீட் மேல் ஒட்டிய கிரானைட்டிலும் டைல்ஸிலும் வருடக்கணக்கில் தட்டினால் முழங்காலும் கணுக்காலும் பதில் சொல்லும். மரத்தரை இருந்தால் நல்லது. நம் ஊர் வகுப்புகளில் அது அபூர்வம் என்பதால், மொட்டை மாடி சிமென்ட் தரையில் மூன்றாம் காலம் ஓட்டுகிறார்களா என்பதையாவது கவனியுங்கள். வழுக்கும் பளபளப்பான தரையும் வேண்டாம்.

எண்ணிக்கை: தொடக்க நிலையில் ஒரு ஆசிரியருக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் உங்கள் பிள்ளையின் முழங்காலை யாரும் பார்க்கப் போவதில்லை. மூத்த மாணவியை வைத்துப் பாடம் நடத்துவது தவறில்லை. ஆனால் வாரம் ஒரு முறையாவது ஆசிரியரே பார்க்க வேண்டும்.

பாணி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர், கலாக்ஷேத்ரா என்று எதுவாக இருந்தாலும் நல்லதுதான், ஒன்றைவிட ஒன்று உசத்தி என்பது வீண் சண்டை. நடுவில் ஊர் மாறினால்தான் இது பிரச்சினையாகும். அடவின் பெயர், சொற்கட்டு (அடவுக்குச் சொல்லும் தாளச் சொற்கள்), கை வைக்கும் விதம் எல்லாம் பாணிக்குப் பாணி மாறும், புதிய ஆசிரியர் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். அடிக்கடி மாற்றலாகும் வேலையில் இருப்பவர்கள் பரவலாகக் கிடைக்கும் பாணியைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

சேர்ந்த மூன்றாம் மாதமே சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து மேடையேற்றினால் யோசியுங்கள். “நீ குண்டா இருக்க” என்று பிள்ளையின் உடம்பைக் கேலி செய்யும் இடத்தில் ஒரு நாள்கூட விடாதீர்கள். ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழி, தட்டுமணை என்ற பலகையில் விழத்தான் செய்யப்பட்டது, பிள்ளையின் காலில் விழ அல்ல. பெற்றோர் உள்ளே வரவே கூடாது என்று கதவைச் சாத்தும் வகுப்பும் வேண்டாம். தினமும் உட்கார்ந்து பார்ப்பது பிள்ளைக்குத் தொந்தரவு என்பது நியாயம், ஆனால் மாதம் ஒரு முறை பார்க்க விட வேண்டும். நிலையைத் திருத்த ஆசிரியர் கையையோ முதுகையோ தொட வேண்டியிருக்கும். எங்கே, எதற்காகத் தொடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடுகிறவர் நல்ல ஆசிரியர்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு வழி உண்டு. தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம், பாட்டு, ஓவியம் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில் வார விடுமுறையில் கற்றுத்தருகிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்று ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, 12 வயதிலிருந்து சேரலாம்.

3. முதல் வருடம்: அரைமண்டியும் தட்டடவும்

வெற்றிலை பாக்கு, பழம், பூ, தட்சணை வைத்த தட்டோடு சேர்ந்தாயிற்று. அதற்கு மேல் முதல் வருடத்தில் எதுவும் வாங்க வேண்டாம். பருத்திச் சுடிதார் போதும், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினால் முதுகு நேராக நிற்கிறதா என்று ஆசிரியருக்குத் தெரியும். பயிற்சிச் சேலை பிறகு. சலங்கை வெகு பிறகு, அடவு முடித்துச் சலங்கை பூஜை செய்த பின்தான். வகுப்புக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள், ஒரு வாழைப்பழம் போதும்.

முதலில் வணக்கம் சொல்லித்தருவார்கள். பிறகு அரைமண்டி. இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது, வீட்டுப் பயிற்சியில் கெடுவது இதுதான். இரண்டு குதிகாலும் அருகருகே, பாத நுனி பக்கவாட்டில், முழங்கால் மடங்கும்போது பாத நுனி பார்க்கும் அதே திசையில் போக வேண்டும். எதிரே நின்று பார்த்தால் கால்களுக்கு நடுவே ஒரு சாய்சதுரம் தெரியும். முதுகு நேர், பின்பக்கம் துருத்தக் கூடாது.

பெரும்பாலான பிள்ளைகள் பாதத்தை மட்டும் முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு முழங்காலை முன்னால் விழ விடுவார்கள். பார்க்க அரைமண்டி மாதிரி இருக்கும், ஆனால் திருப்பம் இடுப்பிலிருந்து வராமல் முழங்கால் மூட்டு முறுக்கிக்கொள்கிறது. இதை விட்டுவிட்டால் பதினாலு வயதில் முழங்கால் வலியாக வந்து நிற்கும். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதத்தையும் திருப்ப வேண்டும். ஆழம் நாளடைவில் வரும். சுவரில் முதுகு ஒட்ட நிற்க வைத்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். முதுகு சுவரை விட்டு வரும் இடம்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளையின் எல்லை.

தட்டடவு “தெய்யா தெய்” என்ற சொல்லுக்கு ஆடுவது. தட்டும்போது பாதம் முழுவதும் தட்டையாக விழ வேண்டும். குதிகால் மட்டும் முதலில் இடித்தால் அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு அடவுக் குடும்பம் வருடம் முழுக்க ஓடினாலும் குறையில்லை. கூடவே ஹஸ்தங்கள். அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலின் 28 ஒற்றைக் கை முத்திரைகளைப் பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம் என்று பாட்டாகவே ஒப்பிக்க இந்த வயதுக்குப் பிடிக்கும். பேருந்தில்கூடச் செய்துகொண்டு வருவார்கள்.

வீட்டில் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும். அப்பா ஒரு கட்டையால் மேசையில் சீராகத் தட்டட்டும், பிள்ளை சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே ஆடட்டும். வாய் சொல்லாத அடவு காலில் நிற்காது.

4. இரண்டாம், மூன்றாம் வருடம்: அடவு வரிசை

இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மேடை இல்லை, பாட்டு இல்லை, தட்டு மட்டும்தான். நாட்டடவு, குதித்து மெட்டு, மண்டி, சறுக்கல், தீர்மானம் என்று குடும்பம் குடும்பமாகப் போகும். ஒவ்வொன்றிலும் உட்பிரிவுகள். ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் செய்ய வேண்டும். தாளம் ஒன்றேதான், இரண்டாம் காலத்தில் கால் இரட்டிப்பாகும், மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு.

மூன்றாம் காலத்தில் கால் பறப்பதைப் பார்த்துப் பெற்றோர் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் கடினம் முதல் காலம்தான். மெதுவாக ஆடும்போது ஒளிய இடமில்லை, கை எங்கே போகிறது, கண் கையோடு போகிறதா, முழங்கால் எங்கே விழுகிறது என்று எல்லாம் அம்பலமாகும். அதனால் வேகத்துக்கு அவசரப்படும் ஆசிரியரைவிட முதல் காலத்திலேயே நிறுத்தி வைத்துக் கொல்லும் ஆசிரியரிடம் பிள்ளை கொஞ்ச நாள் அழுதாலும் பரவாயில்லை.

இந்த நிலைக்கு வாரம் இரண்டு வகுப்பு தேவை. ஒரு வகுப்பு மட்டும் என்றால் போன வாரம் திருத்தியதை இந்த வாரம் மறுபடி திருத்துவதிலேயே நேரம் போகும். வெளிநாட்டிலிருந்து இணைய வகுப்பில் கற்கும் பிள்ளைகளுக்குக் கேமராவை இடுப்பு உயரத்தில், பாதம் முழுக்கத் தெரியும்படி வையுங்கள். முகம் மட்டும் தெரியும் பரதநாட்டிய வகுப்பால் ஒரு பயனும் இல்லை.

5. முதல் உருப்படிகள்: ஒன்பது வயதுக்கு மேல்

அடவு ஓரளவு உறுதியானதும் அலாரிப்பு. சில இடங்களில் புஷ்பாஞ்சலி முதலில் வரும். கண், கழுத்து, தோள் என்று தொடங்கிப் படிப்படியாக உடம்பு முழுக்க விரியும் அலாரிப்பு, கற்ற அடவுக்கெல்லாம் ஒரு பரீட்சை மாதிரி. அடுத்து ஜதிஸ்வரம், பிறகு சப்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் என்ற நட்டுவனார் சகோதரர்கள் வகுத்துவைத்த இந்த வரிசையில் ஒரு நல்ல கற்பித்தல் அறிவு இருக்கிறது. அர்த்தம் இல்லாத தூய நடனம் முதலில், அபிநயம், அதாவது பாட்டின் பொருளை முகத்தாலும் கையாலும் காட்டுவது, தொடங்குவது சப்தத்தில்தான்.

அபிநயத்தில் ஒரு விஷயம் என்னை எரிச்சலூட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை தோழியிடம் ‘அவன் இன்னும் வரவில்லையே’ என்று விரகத்தில் வாடுவதை மேடையில் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அந்த வயதுக்கு வெண்ணெய் திருடும் கண்ணன் இருக்கிறான், முருகன் இருக்கிறான், தெய்வங்களைப் போற்றும் கவுத்துவங்கள் இருக்கின்றன. பாட்டின் அர்த்தத்தைப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்ல முடிகிறதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அது அவளுக்கான உருப்படி இல்லை.

கொஞ்சம் கர்நாடக சங்கீதமும் சேர்த்துக் கற்றால் நல்லது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைக் கையில் போடத் தெரியாமல் ஜதிஸ்வரம் ஆடும் பிள்ளை, பாடகர் கொஞ்சம் இழுத்தால் திகைத்து நின்றுவிடும்.

6. பதினொன்று முதல் பதினாலு: உடம்பு மாறும் காலம்

நேற்றுவரை அழகாக ஆடிய பிள்ளை திடீரென்று தடுமாறுவாள். கால் எலும்பு வேகமாக வளர்கிறது, தசையும் நாரும் அந்த வேகத்தில் நீள்வதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு முடிச்சு வீங்கி, தொட்டால் வலிக்கலாம். அப்படி வலித்தால் முழுமண்டியையும் (முழுதாக உட்காரும் நிலை) மண்டி அடவையும் குதிப்பையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ‘ஆடினால் சரியாகிவிடும்’ என்பதைக் கேட்காதீர்கள். அந்த மாதங்களில் அபிநயம், தாளம், நட்டுவாங்கம் (தாளம் போட்டு, சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது) கற்கலாம், வகுப்பு வீணாகாது.

மாதவிடாய் நாட்களில் ஆடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். வலி இருந்தால் உட்கார்ந்து பார்க்கட்டும், இல்லையென்றால் ஆடட்டும். இதைச் சங்கடமில்லாமல் சொல்ல முடிகிற ஆசிரியர் வேண்டும்.

7. வர்ணமும் அரங்கேற்றமும்

வர்ணம் அரைமணி நேரத்துக்கும் மேல் ஓடும். கடினமான ஜதிகளும் (தாளச் சொற்களுக்கு ஆடும் பகுதிகள்) அபிநயமும் மாறி மாறி வரும். மூச்சு, நினைவு, கால் பலம் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். காதலைப் பாடும் பதமும் ஜாவளியும் இன்னும் கொஞ்சம் மனமுதிர்ச்சி கேட்கும். அதனால் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்குப் பதினாலு, பதினைந்துக்கு முன் அரங்கேற்றம் வேண்டாம் என்பது என் கருத்து.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், இவர்களோடு ஒத்திகைகள், அரங்கம், இரண்டு மூன்று உடைகள், நெற்றிச்சுட்டி முதல் ஒட்டியாணம்வரை நகை, ஒப்பனை, அழைப்பிதழ், வீடியோ, வந்தவர்களுக்குச் சாப்பாடு. லட்சங்களில் போகும். கடன் வாங்கிச் செய்யும் குடும்பங்களை எனக்குத் தெரியும், அது தேவையே இல்லை. கோயில் பிரகாரத்தில், நவராத்திரி மேடையில், ஒரு மணி நேரம் நல்ல பக்கவாத்தியத்தோடு ஆடினாலும் முதல் கச்சேரிதான். ஒத்திகைக்கு மட்டும் பணத்தைக் குறைக்காதீர்கள். பதிவு செய்த இசைக்கு மட்டுமே ஆடிப் பழகிய பிள்ளைக்கு நேரடி இசை புதுக் கடல்.

சான்றிதழ் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் உண்டு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஊர்களிலும் வட இலங்கைச் சங்கீத சபையின் தரத் தேர்வுகள் பிரபலம். 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் (CCRT) கலைத்திறன் உதவித்தொகை தருகிறது, தேர்வானால் பயிற்சிச் செலவுக்கு உதவும்.

8. பாலே சேர்க்கலாமா?

வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்கள் இதை அதிகம் கேட்கிறார்கள், இப்போது சென்னையிலும் கேட்கிறார்கள். இரண்டும் எதிரிகள் அல்ல. 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவியே ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் முதலில் பாலே கற்றவர்தான். சொந்த நாட்டு நடனத்தைத் தேடச் சொன்னதும் பாவ்லோவாதான்.

பாலேயில் நிலைகள் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். 1920-ல் லண்டனில் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் தேர்வுகளில் ப்ரீ-பிரைமரிக்கு 5 வயது, பிரைமரிக்கு 6, கிரேடு ஒன்றுக்கு 7 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கே பெற்றோர் அவசரப்படும் விஷயம் விரல் நுனியில் நிற்கும் பாயிண்ட் ஷூ. பல வருடப் பயிற்சியும் கணுக்கால் பலமும் இல்லாமல், பதினொன்று பன்னிரண்டு வயதுக்கு முன் அதைப் போட விடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை மாட்டிவிடும் வகுப்பிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டையும் ஒன்றாகக் கற்றால் கொஞ்ச நாள் கால் குழம்பும். பாலேயில் ப்ளியே என்பது இறங்கி எழும் அசைவு, நமக்கு அரைமண்டி குடியிருக்கும் இடம். அங்கே குதித்தால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும், இங்கே தட்டினால் கேட்க வேண்டும். பத்து வயதுவரை இரண்டும் போகலாம். அதற்கு மேல் வாரத்தில் எது மூன்று வகுப்பு, எது ஒரு வகுப்பு என்று பிள்ளையே சொல்லட்டும்.

9. பத்தாம் வகுப்பு வந்தால்

“பப்ளிக் எக்ஸாம் மிஸ், ஒரு வருஷம் நிறுத்திக்கிறோம்” என்பார்கள். முழுக்க நிறுத்தினால் திரும்பி வருபவர்கள் குறைவு. வாரம் ஒரு வகுப்பாகக் குறைத்து, புது உருப்படி எதுவும் எடுக்காமல், தெரிந்ததை மட்டும் ஆடச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வியர்வை படிப்பைக் கெடுக்காது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், திரும்பி வரும்போது பழைய வர்ணத்தில் தொடங்க விடாதீர்கள். முதல் இரண்டு வாரம் தட்டடவும் நாட்டடவும் முதல் காலத்தில் மட்டும், மூன்றாம் வாரம் இரண்டாம் காலம், அலாரிப்பு. முழங்கால் வலி இல்லாமல் அது போனால் சலங்கையை எடுத்துக் கட்டலாம்.